காற்றின் எடை

(இணையவழி இலக்கிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அமர்வுகளில் வழக்கமாக நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு என்றுதான் பேசியிருக்கிறோம். இம்முறை ஓர் இயந்திரத்தின் வரலாற்றைப் பேசலாமா என்று கேட்டேன். நண்பர்கள் தயங்காமல் சரி என்றார்கள். அவர்களுக்கு நன்றி. இரவு வேளையில் வேலை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருப்பவர்களுக்குச் சூத்திரங்கள் எதையும் சொல்லமாட்டேன். ஆனால் எண்கள் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எண்களிலிருந்து தொடங்குகிறேன். 1996 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஓட்டரங்கில் கிறிஸ் போர்ட்மன் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். 2000 அக்டோபர் 27 அன்று அதே மனிதர், அதே மான்செஸ்டரில், அதே ஒரு மணி நேரத்தில் ஓட்டியது 49.441 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் குறைவு. முதல் முறை அவருக்கு வயது 28, இரண்டாம் முறை 32. நான்கு வருடத்தில் ஒரு தொழில்முறை வீரர் அவ்வளவு தளர்ந்துவிடுவதில்லை. ஆனால் இரண்டாவது முயற்சி தோல்வியும் அல்ல, அதுவும் உலக சாதனையாகவே பதிவானது. அந்த 7 கிலோமீட்டர் எங்கே போயிற்று என்பதுதான் இன்றைய பேச்சு.

'ஒரு மணி நேர சாதனை' என்பது சைக்கிள் உலகின் மிகப் பழைய, மிக எளிய போட்டி. தனியாக ஒருவர் வட்டப்பாதையில் இறங்குகிறார். அறுபது நிமிடம் கழித்து எவ்வளவு தூரம் என்று அளக்கிறார்கள். அவ்வளவுதான். 1893ல் பாரிசில் ஆன்றி தெக்ராஞ்ச் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். பத்து வருடம் கழித்து டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவரும் இவர்தான். பந்தய சைக்கிளை வடிவமைப்பவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் ஒரு பரிசோதனைக்கூடம். அங்கே கண்டுபிடித்தது பிறகு சாலைக்கு வரும்.

ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டு நண்பர்கள் மிதிவண்டி என்பார்கள். ஈழத்து அரச கடிதங்களில் துவிச்சக்கரவண்டி. இரண்டும் அழகான சொற்கள்தான், பேசும்போது யாரும் சொல்வதில்லை. நான் சைக்கிள் என்றே சொல்கிறேன்.

சைக்கிள் ஓட்டுபவருக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒன்று எடை, மற்றது காற்று. டயர் தரையில் உருளும்போது வரும் தடையும் உண்டு, அது சின்ன எதிரி. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் போகிறார் என்று வையுங்கள். ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ. சாதாரண பந்தய நிலையில் குனிந்து ஓட்டுகிறார். காற்றைப் பிளப்பதற்கு மட்டும் சுமார் 260 வாட் ஆற்றல் போகும். டயர் உருள்வதற்கு 35 வாட். இப்போது வண்டியிலிருந்து ஒரு முழு கிலோவைக் குறைத்தால் என்ன லாபம்? அரை வாட்டுக்கும் குறைவு. காற்றெதிர்ப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 26 வாட்.

மலையில் கணக்கு தலைகீழ். 8 சதவீத ஏற்றத்தில், அதாவது ஆல்ப்ஸ் கணவாய்களில் வழக்கமாக இருக்கும் சரிவில், ஒரு நல்ல வீரர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவார். அப்போது எடையை மேலே தூக்குவதற்கே 350 வாட் போகிறது, காற்றுக்கு 33 வாட்தான். இங்கே ஒரு கிலோ குறைத்தால் 4 வாட்டுக்கு மேல் மிச்சம். நாற்பது நிமிட ஏற்றத்தில் ஏறக்குறைய 25 நொடி. மூன்று வாரப் பந்தயம் எட்டு நொடியில் முடிவான கதை பின்னால் வரும், ஆகவே இதைச் சிறிது என்று நினைக்கவேண்டாம்.

சரி, இரண்டையும் சேர்த்துக் குறைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எடை குறைவாகவும் முறுக்கினால் வளையாததாகவும் ஒரு குழாய் வேண்டும் என்றால் அது வட்டமாக இருக்கவேண்டும். ஒரே அளவு பொருளைக் கொண்டு செய்யக்கூடிய உறுதியான வடிவம் அதுதான். மூங்கிலைப் பாருங்கள். ஆனால் காற்றுக்கு வட்டக்குழாய் போல வேண்டாத வடிவம் வேறில்லை. காற்று அதன் முன்புறத்தைச் சுற்றி வந்து பின்புறம் சேரமுடியாமல் பிய்ந்து சுழல்கிறது. அந்தச் சுழல் வண்டியைப் பின்னால் இழுக்கிறது. அதே தடிமனுள்ள குழாயை இறகு வடிவில், முன்னால் உருண்டையாகவும் பின்னால் நீண்டு கூராகவும் செய்தால், எதிர்ப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் நீண்ட வடிவத்துக்குச் சுற்றளவு அதிகம், பொருள் அதிகம். தட்டையான பக்கங்கள் நசுங்காமலிருக்கச் சுவரைத் தடிப்பாக்கவேண்டும். மேலும் கீழும் அது பலகை போல விறைப்பாகவும் இருக்கும், ஓட்டுபவரின் முதுகுக்கு அது தெரியும். ஆக, எடை ஒரு பக்கம் இழுக்கிறது, காற்று இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஒவ்வொரு பந்தய சைக்கிளும் இந்த இரண்டுக்கும் நடுவில் எழுதப்பட்ட ஒரு சமரச ஒப்பந்தம்.

முதல் நூறாண்டு அந்த ஒப்பந்தம் முழுக்க எடையின் பக்கமே இருந்தது. எடையை எல்லோராலும் உணரமுடியும். கடைக்காரர் ஒரு விரலால் சைக்கிளைத் தூக்கிக் காட்டுவார், வாடிக்கையாளர் மயங்கிவிடுவார். காற்றை அப்படித் தூக்கிக் காட்டமுடியாது. 1897லேயே பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் நிறுவனம் நடுவில் மெலிந்து முனைகளில் மட்டும் தடித்த எஃகுக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது. 1935ல் அவர்கள் கொண்டுவந்த '531' என்ற எஃகுக் கலவைக் குழாய் பல பத்தாண்டுகள் பந்தய உலகை ஆண்டது. தோற்றத்தில் எல்லாச் சட்டகங்களும் ஒன்றுதான், வட்டக் குழாய்களில் இரண்டு முக்கோணங்கள்.

காற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையா? யோசித்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள். பிரான்சில் ஷார்ல் மொஷே என்பவர் ஒரு படுக்கை சைக்கிள் செய்தார். ஓட்டுபவர் சாய்ந்து படுத்துக்கொண்டு, கால்களை முன்னால் நீட்டி மிதிப்பார். உடல் காற்றுக்குக் காட்டும் முகம் சிறிதாகிவிடும். 1914ல் சுவிஸ் வீரர் ஆஸ்கர் எக் 44.247 கிலோமீட்டர் ஓட்டி வைத்த ஒரு மணி நேர சாதனை பத்தொன்பது வருடமாக அசையாமல் கிடந்தது. 1933 ஜூலை 7 அன்று ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் மொஷேயின் வண்டியில் படுத்துக்கொண்டு 45.055 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். ஃபோர் முதல் வரிசை நட்சத்திரம் அல்ல. அதுதான் எல்லோரையும் உறுத்தியது. ஓட்டியது மனிதனா, வண்டியா?

உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ விவாதித்தது. 1934ல் சைக்கிள் என்றால் என்ன என்று அளவுகளோடு வரையறுத்தது. அந்த வரையறைக்குள் மொஷேயின் வண்டி வரவில்லை. ஃபோரின் தூரம் சாதனைப் பட்டியலிலிருந்து வெளியேறியது. அதே ஆண்டில் மொஷே இறந்தார். இங்கே இலக்கிய நண்பர்கள் இருப்பதால் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். அதே 1934ல்தான் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' வந்தது. யாப்பில்லாதது கவிதையா என்ற சண்டை நம்மிடம் எத்தனை ஆண்டுகள் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம்மிடம் யூசிஐ போல ஓர் அமைப்பு இல்லை, நல்லவேளை.

அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் எடையின் ஆட்சிதான். அதன் உச்சம் 1972 அக்டோபர் 25, மெக்சிகோ நகரம். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், பலருடைய கணக்கில் எல்லாக் காலத்துக்குமான மிகப்பெரிய வீரர், ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அவருடைய வண்டியை இத்தாலியக் கைவினைஞர் எர்னெஸ்டோ கொல்னாகோ செய்தார். எடை 6 கிலோவுக்கும் குறைவு. எஃகில்! கைபிடியில் துளைகள் போட்டார்கள். சங்கிலியில்கூடத் துளை போட்டார்கள். கைபிடியைத் தாங்கும் தண்டை அமெரிக்காவில் பினோ மொரோனி டைட்டானியத்தில் செய்துகொடுத்தார். ஒவ்வொரு கிராமாகச் சுரண்டி எடுத்த வண்டி அது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சமதளமான வட்டப்பாதையில், வேகம் கூடாமல் குறையாமல் ஒரு மணி நேரம் ஓட்டும்போது எடைக்கு வேலையே இல்லை. கிளம்பும்போது சில நொடி, அவ்வளவுதான். துளைகள் போட்டுக் குறைத்த அந்தக் கிராம்கள் மெர்க்ஸுக்குத் தந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவருக்கு உதவியது வேறு ஒன்று. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நுரையீரலுக்குக் கஷ்டம், வண்டிக்கு லாபம். அதாவது அவரும் அவருடைய குழுவும் காற்றுதான் எதிரி என்று அறிந்திருந்தார்கள். ஆனால் காற்றை வெல்ல ஒரே வழி காற்று குறைந்த ஊருக்குப் போவது என்று நினைத்தார்கள். வண்டியின் வடிவத்தைத் தொடவில்லை. மெர்க்ஸ் அதற்குப்பிறகு ஒரு மணி நேர முயற்சியில் மறுபடி இறங்கவேயில்லை.

அதைத் தொட்டவர் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தார். 1984 ஜனவரியில் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர் அதே மெக்சிகோ நகரில், முதலில் 50.808, நான்கு நாள் கழித்து 51.151 கிலோமீட்டர். அவருடைய சக்கரங்களில் கம்பிகள் இல்லை, மூடிய தட்டுகள். கைபிடி மாட்டுக்கொம்பு போல முன்னால் வளைந்திருந்தது. உடலோடு ஒட்டிய வழவழப்பான ஆடை. மெர்க்ஸின் வண்டியைவிடக் கனமான வண்டி அது. ஒரு கம்பி சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு மெல்லிய உருண்டைக் கம்பி காற்றில் உண்டாக்கும் தடையும், அதைவிடப் பத்து மடங்கு தடித்த இறகு வடிவம் உண்டாக்கும் தடையும் ஒன்றே. சக்கரத்தில் முப்பது கம்பிகள் சுழல்கின்றன, மேலே வரும் கம்பியின் நுனி வண்டியின் வேகத்தைப் போல இரு மடங்கில் காற்றை அறைகிறது. கனமான வண்டி லேசான வண்டியை ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தூரம் தோற்கடித்தது. அன்றைக்கு எடையின் ஏகபோகம் முடிந்தது என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

சாலையில் அது தெரிந்தது 1989ல். டூர் தெ பிரான்சின் கடைசி நாள், ஜூலை 23, வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டும் பந்தயம். பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 நொடி முன்னால் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமான்ட் தன் கைபிடியில் முன்னால் நீளும் இரண்டு கம்பிகளைப் பொருத்தியிருந்தார். முழங்கைகளை ஒடுக்கி, பனிச்சறுக்கு வீரனைப் போலக் குனிந்து ஓட்டலாம். அதைக் கண்டுபிடித்த பூன் லெனன் பனிச்சறுக்குப் பயிற்சியாளர்தான். தலையில் பின்பக்கம் நீண்ட தலைக்கவசம். ஃபின்யோன் தலையில் ஒன்றும் அணியவில்லை, அவருடைய குதிரைவால் கூந்தல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. லெமான்ட் 58 நொடி குறைவாக எடுத்தார். மூன்று வாரம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் ஓடிய பந்தயம் 8 நொடியில் முடிந்தது. ஃபின்யோனுக்கு அன்று இருக்கைப் புண் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஆண்டுக்குப் பிறகு எந்த அணியும் காற்றைப் பற்றித் தெரியாது என்று சொல்லமுடியவில்லை.

இனி இரண்டு மனிதர்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தவர்கள்.

மைக் பரோஸ் இங்கிலாந்தின் நாரிச் நகரத்துக்காரர். ஒரு பட்டறை வைத்திருந்தார். அவருடைய ஈடுபாடு எது தெரியுமா? படுக்கை சைக்கிள். மொஷேயின் வாரிசு. விதிகளுக்கு வெளியே வேலை செய்து பழகியவர் என்பதால் சைக்கிள் சட்டகத்துக்குக் குழாயே எதற்கு என்று அவரால் கேட்கமுடிந்தது. 1980களில் கார்பன் இழையால் ஒரே வார்ப்பாக, விமானத்தின் இறக்கையை வெட்டி நிறுத்தியது போல ஒரு சட்டகத்தைச் செய்தார். முன்சக்கரத்தை ஒரே பக்கம்தான் தாங்கிப் பிடித்திருக்கும். விதி அனுமதிக்கவில்லை. 1990ல் யூசிஐ விதியைத் தளர்த்தியதும் லோட்டஸ் கார் நிறுவனம் அந்த வடிவத்தை எடுத்து, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து மெருகேற்றியது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் 'லோட்டஸ் 108' மீது போர்ட்மன் 4,000 மீட்டர் துரத்தல் போட்டியின் இறுதிச்சுற்றில் ஜெர்மனியின் யென்ஸ் லேமனைப் பின்னாலிருந்து வந்து பிடித்தே விட்டார். பிரிட்டனுக்கு 1920க்குப் பிறகு சைக்கிளில் கிடைத்த முதல் தங்கம்.

கிரேம் ஓப்ரீ ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய சைக்கிள் கடை நொடித்துப்போயிருந்தது. கையில் பணமில்லை, நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. மார்புக்கு அடியில் கைகளை மடித்து வைத்துக்கொண்டு, பறவை இறகை ஒடுக்குவது போல ஓட்டினால் காற்று கைகளில் படாது என்று கண்டுகொண்டார். அதற்கேற்ற வண்டியைத் தானே செய்தார். கால்களுக்கிடையே இடைவெளி குறைய மிதி அச்சைக் குறுக்கினார், அதற்குப் போட்ட பேரிங் ஒரு சலவை இயந்திரத்திலிருந்து எடுத்தது. 1993 ஜூலை 16 நார்வேயின் ஹாமர் நகரில், புதிதாகச் செய்த பிரதி வண்டியில் மோசரின் சாதனையை முயன்று தோற்றார். உடல் அவ்வளவு களைத்த பிறகு யாரும் மறுநாள் மறுபடி முயல்வதில்லை. அவர் இரவில் நிறையத் தண்ணீர் குடித்துவைத்தார். சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் தசைகளை நீவி நீட்டிக்கொள்ளலாமே. மறுநாள் காலை தன் பழைய வண்டியில், சலவை இயந்திர பேரிங் வைத்த அதே வண்டியில், 51.596 கிலோமீட்டர். மெக்சிகோவின் மெல்லிய காற்றும் இல்லாமல்.

ஆறே நாளில் போர்ட்மன் பிரான்சின் போர்தோவில் 52.270 ஓட்டி அதைப் பறித்தார். 1994 ஏப்ரலில் ஓப்ரீ 52.713 ஓட்டி மீட்டார். அதே ஆண்டில் இந்துரைன், அவருக்குப்பின் சுவிஸ் வீரர் டோனி ரோமிங்கர் இரண்டு முறை. அந்த இரண்டாவது 55.291. ஓப்ரீயின் நிலையை 1994ல் யூசிஐ தடைசெய்தது. அவர் அடங்கவில்லை. கைகளை முழுக்க முன்னால் நீட்டி, சூப்பர்மேன் பறப்பது போல இன்னொரு நிலையைக் கண்டுபிடித்து 1995ல் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். போர்ட்மன் அந்த நிலையைக் கடன்வாங்கித்தான் நான் முதலில் சொன்ன 56.375ஐ அடைந்தார். பிறகு அதையும் தடைசெய்தார்கள்.

1996 அக்டோபர் 8. இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஊர் தெரியும், லுகானோ. அங்கே யூசிஐ ஒரு சாசனத்தை வெளியிட்டது. இயந்திரத்தைவிட மனிதனே முதன்மை என்பது அதன் சாரம். அதிலிருந்து பிறந்த விதிகள் 2000 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. சட்டகம் இரண்டு முக்கோணங்களாகவே இருக்கவேண்டும். குழாயின் நீளவாட்டு அகலம் தடிமனைப்போல மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. மெர்க்ஸுக்குப் பிந்திய ஒரு மணி நேர சாதனைகளெல்லாம் 'சிறந்த மனித முயற்சி' என்ற தனிப்பட்டியலுக்கு ஒதுக்கப்பட்டன. இனி சாதனை வேண்டுமென்றால் மெர்க்ஸ் ஓட்டியது போன்ற வட்டக்குழாய் வண்டியில் ஓட்டவேண்டும்.

நோக்கம் நல்லதுதான். எடை மீதான பேராசையில் கைபிடி முறிந்து யாராவது சாகக்கூடாது. பணக்கார நாடுகள் மட்டும் காற்றுச் சுரங்கத்தை வாடகைக்கு எடுத்துப் பதக்கம் வாங்கக்கூடாது. 6.8 கிலோ விதியை அன்றைய நிலையில் நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் உடல் நிலைகள் மீதான தடையை ஏற்கமுடியவில்லை. இந்த இருபது ஆண்டுக் கதையில் மிகக் குறைந்த செலவில் செய்த வண்டி எது? ஓப்ரீயுடையது. கைகளை மடித்து வைத்துக்கொள்ள எந்தத் தொழிற்சாலையும் தேவையில்லை. ஏழையால் வாங்கமுடியாத இயந்திரத்தை நிறுத்துவதற்காக வந்த சட்டம், ஏழை ஒருவன் தன் உடலை வைத்துக் கண்டுபிடித்ததை முதலில் நிறுத்திவிட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெர்க்ஸின் பெயரால் எழுதிய அந்த விதிகளின்படி மெர்க்ஸின் சொந்த வண்டியே செல்லாது. அது 6.8 கிலோவைவிட எவ்வளவோ லேசானது.

இப்போது போர்ட்மனின் இரண்டாவது எண் புரியும். 2000 அக்டோபரில், ஓய்வுபெறும் முன் கடைசிப் போட்டியாக, அவர் வட்டக்குழாய், கம்பிச் சக்கரம், வளைந்த பழைய கைபிடி எல்லாம் கொண்ட வண்டியில் ஏறினார். 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம். இரண்டு முறையும் ஒரே அளவு உழைத்தார் என்று வைத்துக்கொண்டால், 1996ல் அவர் காற்றுக்குக் கொடுத்த முகம் 2000ல் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது. காணாமல்போன 7 கிலோமீட்டரில் வயதுக்கும் ஒரு பங்கு இருக்கும். மிச்சம் காற்று.

விதி வந்துவிட்டது, வடிவமைப்பு செத்ததா? வெண்பாவின் தளை தெரிந்தவர்களுக்கு விடை தெரியும். வாசல்கள் அடைபட்டால் ஆட்கள் சந்துகளைத் தேடுவார்கள்.

முதல் சந்தும் மைக் பரோஸ் கண்டதுதான். லோட்டஸுக்குப் பிறகு அவர் தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்குப் போனார். சட்டகத்தின் மேல்குழாயைப் பின்னோக்கிச் சரித்தார். முக்கோணங்கள் சிறிதாகின, குழாய்கள் குட்டையாகின, எடை குறைந்தது, விறைப்பு கூடியது. 1990களின் பிற்பாதியில் வந்த அந்த 'டிசிஆர்' வண்டியை முதலில் எல்லாரும் அசிங்கம் என்றார்கள். இன்று கடையில் தொங்கும் பந்தய சைக்கிள்களில் மேல்குழாய் சரியாத ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். காற்றுக்கான வண்டியையும் எடைக்கான வண்டியையும் ஒரே மனிதர் செய்தார், இரண்டும் வரலாறாயின.

இரண்டாவது, கனடாவில் ஜெரார்ட் ஃப்ரூமன், ஃபில் வைட் என்ற இரண்டு பொறியாளர்கள் 1995ல் தொடங்கிய செர்வேலோ. தனிப்போட்டி வண்டிகளில் மட்டும் இருந்த இறகுக் குழாய்களை அவர்கள் சாதாரண சாலைப் பந்தய வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது சந்து 1930களின் ஜெர்மனியிலிருந்து வந்தது. வுனிபால்ட் காம் என்ற கார் பொறியாளர், இறகு வடிவத்தின் நீண்ட வாலை நறுக்கிவிட்டாலும் காற்று ஓரளவு வால் இருப்பது போலவே ஓடும் என்று காட்டியிருந்தார். மூன்று மடங்கு விதிக்குள் அடங்க இதைவிட நல்ல தந்திரம் உண்டா? 2010 வாக்கில் டிரெக், ஸ்காட் போன்ற நிறுவனங்கள் வால் நறுக்கிய குழாய்களில் வண்டி செய்யத் தொடங்கின. பொருள் குறைவு, எடை குறைவு, பக்கக்காற்றில் தள்ளாட்டமும் குறைவு.

இதற்கிடையே கார்பன் இழை நுட்பம் எங்கோ போய்விட்டது. லேசான வண்டிகள் 6.8க்குக் கீழே இறங்கின. அணி மெக்கானிக்குகள் விதிக்காகச் சட்டகத்துக்குள் எடையைப் போட்டு நிரப்பவேண்டியிருந்தது. மெர்க்ஸின் ஆட்கள் துளை போட்டுச் சுரண்டினார்கள், இவர்கள் ஈயம் போட்டார்கள்! அங்கேதான் திருப்பம். சும்மா ஈயம் போடுவதற்குப் பதில் அந்த எடையைக் காற்றுக்குச் செலவிட்டால் என்ன? ஆழமான ரிம், இறகுக் குழாய். எடைக்குக் கீழ்வரம்பு போட்ட விதி, நினைத்தோ நினைக்காமலோ, வடிவமைப்பாளர்களைக் காற்றின் பக்கம் தள்ளிவிட்டது.

சக்கரத்தில் ஒரு கிராம் சட்டகத்தில் இரண்டு கிராமுக்குச் சமம் என்று பழைய சொலவடை ஒன்று சைக்கிள்காரர்களிடம் உண்டு. வேகம் எடுக்கும்போது அது உண்மைதான், ரிம் முன்னேயும் போகவேண்டும், சுழலவும் வேண்டும். ஆனால் ஐந்து மணி நேரப் பந்தயத்தில் வேகம் எடுக்கும் கணங்கள் எவ்வளவு? மீதி நேரமெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டுதல். கனமான ஆழ ரிம் லேசான தட்டை ரிம்மை வென்றது அப்படித்தான்.

இருந்தும் பல ஆண்டுகள் நிறுவனங்கள் இரண்டு வண்டி விற்றன, சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. வீரர்கள் காலையில் பாதையைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டியிருந்தது 2020 செப்டம்பர் 19 அன்று. டூர் தெ பிரான்சின் கடைசிக்கு முந்தின நாள், 36.2 கிலோமீட்டர் தனிப்போட்டி. கடைசி 6 கிலோமீட்டர் லா பிளான்ஷ் தெ பெல் ஃபீய் என்ற மலை, 8.5 சதவீத ஏற்றம். ஸ்லொவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச் 57 நொடி முன்னிலை. அவரும், சக நாட்டவரான 21 வயது தாடே போகச்சாரும் காற்றுக்கான வண்டியில் அடிவாரம் வரை வந்து, இறங்கி, லேசான வண்டிக்கு மாறினார்கள். சுமார் 16 நிமிட ஏற்றத்தில் ஒரு கிலோவுக்குப் பத்து நொடி லாபம் என்பது கணக்கு. மாறுவதில் சில நொடி நட்டம். இரண்டு அணிகளும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே முடிவுக்கு வந்திருந்தன. ஆனால் அன்று போகச்சார் ரோக்லிச்சை முந்தியது 1 நிமிடம் 56 நொடி. எந்த வண்டியும் அவ்வளவு தராது. லுகானோவில் சாசனம் எழுதியவர்கள் யாராவது பார்த்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அதே 2020ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் தன் காற்று வண்டியான வெஞ்சை நிறுத்தியது. மலைக்கான டார்மாக்கின் ஏழாவது தலைமுறையே போதும், அதுவே 6.8 கிலோவிலும் காற்று வடிவத்திலும் இருக்கிறது என்றது. 2024ல் டிரெக் தன் மலை வண்டியான எமோண்டாவை நிறுத்தி மடோனுக்குள் சேர்த்தது. வட்டு பிரேக் வந்து எடையைக் கூட்டியது. மின் கியர் வந்ததால் கம்பிகள் கைபிடிக்குள் மறைந்தன, காற்று மகிழ்ந்தது. குழாயின் மூன்று மடங்கு விதியை யூசிஐ 2021ல் தளர்த்தியது. 6.8 கிலோ மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தப் பேச்சு பற்றிக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், ஞாயிறுதோறும் யூரா மலைப்பக்கம் ஓட்டுபவர், இரண்டில் எதை வாங்கலாம் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். காற்றெதிர்ப்பில் ஐந்தில் நான்கு பங்கு ஓட்டுபவருடைய உடல்தான், வண்டி மிச்சம். முதலில் முழங்கையை மடித்துக் குனிந்து ஓட்டிப் பாருங்கள், காற்றில் படபடக்காத சட்டை ஒன்று வாங்குங்கள் என்றேன். அவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குத் திரும்புகிறேன். மெர்க்ஸ் வண்டி விதியில் யாருக்கும் ஆர்வமில்லாமல் போகவே 2014ல் யூசிஐ அதைக் கைவிட்டு, நவீன ஓட்டரங்கு வண்டிகளை அனுமதித்தது. உடனே அந்த செப்டம்பரில் 43 வயது யென்ஸ் ஃபோய்க்ட் 51.110 கிலோமீட்டர் ஓட்டினார். இடம் இங்கேதான், சோலோதூர்ன் மாநிலத்துக் கிரென்ஹென். பீலிலிருந்து சோலோதூர்னுக்கு ரயிலில் போகிறவர்கள் தினமும் கடக்கும் ஊர், கடிகாரத் தொழிற்சாலைகளின் ஊர். 2022 ஆகஸ்டில் அதே அரங்கில் டான் பிகம் 55.548 ஓட்டினார். அவர் முழுநேர வீரர்கூட இல்லை, ஓர் அணியின் பொறியாளர். தன் உடலையும் வண்டியையும் தானே கணக்கிட்டு ஓட்டினார். அவர் வேலைபார்த்த அணியின் இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கான்னா, ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 8 அன்று அங்கேயே வந்து இறங்கினார். அவருடைய சட்டகம் கார்பன் அல்ல. உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்டது. திமிங்கலத் துடுப்பின் முடிச்சுகளைப் பார்த்து அதன் குழாயில் மேடுபள்ளங்கள் வைத்திருந்தார்கள். எடையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

கான்னா ஓட்டியது 56.792 கிலோமீட்டர். கைகளை நீட்டிக்கொண்டு போர்ட்மன் ஓட்டிய, தடைசெய்யப்பட்ட அந்த 56.375ஐவிட 417 மீட்டர் அதிகம். அதைத் தாண்ட 26 வருடம் ஆயிற்று. லுகானோ சாசனம் வெளிவந்ததும் ஓர் அக்டோபர் 8 தான்.

இனி கேள்விகளுக்குப் போகலாம்.